வாக்கு வாங்கியவரே வேலையைப் பறித்தார்



தொழிற்சங்கத் தலைவராக இருந்து பிறகு அமெரிக்க ஜனாதிபதி ஆனவர் ஒரே ஒருவர்தான். யார் தெரியுமா? ரொனால்ட் ரீகன்! திரைப்பட நடிகர்கள் சங்கத்தின் தலைவராக இருந்து, 1960-ல் படக் கம்பெனிகளை எதிர்த்து வேலைநிறுத்தமே நடத்தியவர். அவர்தான் 1981-ல் பதினோராயிரம் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார்.

1980 தேர்தலில் பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்பு கார்ட்டரை ஆதரித்தது. விமானங்களுக்கு வழிகாட்டும் கட்டுப்பாட்டு ஊழியர்களின் சங்கமான ‘பாட்கோ’ வேறு வழியில் சென்று ரீகனை ஆதரித்தது. காரணம் ஒரு கடிதம். நவீன கருவிகள் தருவேன், ஆட்களின் எண்ணிக்கையையும் வேலை நாட்களையும் சரிசெய்வேன் என்று சங்கத் தலைவருக்கு ரீகன் எழுதியிருந்தார். அதில் தொகையும் இல்லை, தேதியும் இல்லை. இப்படி ஒரு சீட்டை நம்பி நம் கடைவீதியில் ஒரு மூட்டை சரக்கு கொடுப்பார்களா?

ரீகன் வென்றார். பேச்சுவார்த்தை முறிந்தது. சம்பள உயர்வும் வாரத்திற்கு 32 மணி நேர வேலையும் கேட்டு, 1981 ஆகஸ்ட் 3 அன்று சுமார் 13,000 பேர் வேலையை நிறுத்தினர். 48 மணி நேரத்தில் திரும்ப வேண்டும் என்றார் ஜனாதிபதி. திரும்பாத 11,345 பேர் நீக்கப்பட்டனர். அந்த வேலைக்கு மீண்டும் வரவும் தடை! அக்டோபரில் சங்கத்தின் அங்கீகாரமே ரத்தானது.

‘சட்டம் அப்படி’ என்பார்கள். மத்திய அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்வது அங்கே குற்றம் என்பது உண்மைதான். ஆனால் 1970-லும் அதே சட்டம்தானே இருந்தது? அந்த ஆண்டு மார்ச்சில் தபால் ஊழியர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையை நிறுத்தினார்கள். நிக்சன் நியூயார்க்குக்கு ராணுவத்தை அனுப்பினார். கடிதக் குவியலைச் சிப்பாய்களால் சமாளிக்க முடியவில்லை. கடைசியில் பேசித்தான் தீர்த்தார்கள். சம்பளம் உயர்ந்தது. ஒருவர்கூட நீக்கப்படவில்லை!

பாட்கோவுக்கு அந்தப் பலம் எங்கே? விமானிகள் விமானம் ஓட்டினார்கள். மேற்பார்வையாளர்களும் ராணுவத்தினரும் கோபுரங்களில் அமர்ந்தார்கள். தேர்தலில் தனி வழி போனவர்களுக்காக மற்ற சங்கங்கள் வேலையை நிறுத்தவில்லை. செப்டம்பர் 19 அன்று வாஷிங்டனில் லட்சக்கணக்கில் தொழிலாளர்கள் திரண்டார்கள். அதற்குள் ஆறு வாரம் கடந்துவிட்டது.

தனியார் முதலாளிகள் இதைக் கவனிக்காமலா இருப்பார்கள்? ஆயிரம் பேருக்குக் குறையாமல் பங்கேற்ற வேலைநிறுத்தங்கள் 1980-ல் 187 நடந்தன. 1990-ல் வெறும் 44. ஆலைகள் மூடப்பட்டதும் ஒரு காரணம்தான். ஆனாலும் ஜனாதிபதியே வழிகாட்டிய பிறகு முதலாளிகளுக்கு என்ன தயக்கம்?

1993-ல் கிளிண்டன் அந்தத் தடையை நீக்கினார். மீண்டும் வேலைக்குப் போனவர்கள் மிகச் சிலரே. அதே கிளிண்டன் 1998-ல் இன்னொரு சட்டத்திலும் கையெழுத்திட்டார்: வாஷிங்டன் தேசிய விமான நிலையத்திற்கு ரீகன் பெயர்! கட்டுப்பாட்டு ஊழியர்கள் 1987-ல் அமைத்த புதிய சங்கத்துக்கு இன்றும் வேலைநிறுத்த உரிமை கிடையாது.