ஆழ்கடலின் வேட்டைக்காரன்: பைலட் திமிங்கலம்

குட்டைத் துடுப்பு பைலட் திமிங்கலம், திமிங்கலம் என்று பெயர் பெற்றிருந்தாலும் ஓங்கில் குடும்பத்தைச் சேர்ந்தது. உடல் கறுப்பு; நெற்றி உருண்டு புடைத்திருக்கும். ஆண் 7 மீட்டர் வரையும், பெண் ஐந்தரை மீட்டர் வரையும் வளரும். வெப்பக் கடல்களிலும் மிதவெப்பக் கடல்களிலும், கண்டத்திட்டு முடிந்து கடல் ஆழமாகும் விளிம்பை ஒட்டியே இது பெரும்பாலும் வாழ்கிறது. இந்தியப் பெருங்கடலிலும் இது உண்டு.

இதன் முக்கிய இரை கணவாய். அதைத் தேடி 1000 மீட்டர் ஆழம் வரை, மீனவர் கணக்கில் ஏறத்தாழ 550 பாகம், இறங்கும். அந்த இருட்டில் கண்ணால் பயனில்லை. மூக்குப் பாதையில் எழும் ‘டிக் டிக்’ ஒலிகளை நெற்றியிலுள்ள கொழுப்புத் திரள் குவித்து முன்னே அனுப்புகிறது. இரையில் பட்டுத் திரும்பும் எதிரொலி கீழ்த்தாடைக் கொழுப்பின் வழியே காதை அடைகிறது. இரை நெருங்க நெருங்க ஒலிகள் நெருக்கமாகி ரீங்காரமாகின்றன.

ஆழத்தில் மூச்சுவிட வழியில்லை. தசைகளில் நிறைந்திருக்கும் மையோகுளோபின் என்ற புரதம் ஆக்சிஜனைச் சேமித்துத் தருகிறது. இதயத் துடிப்பும் குறைகிறது. ஆழம் செல்லும் விலங்குகள் பொதுவாக நிதானமாக நீந்தி ஆக்சிஜனை மிச்சப்படுத்தும். இதுவோ இரையைத் துரத்தி, நொடிக்கு 9 மீட்டர் வேகம் வரை பாய்கிறது. கேனரி தீவுகளில் கருவி பொருத்தி ஆராய்ந்தபோது இது தெரியவந்தது.

பைலட் திமிங்கலம் தாய்வழிக் கூட்டமாக வாழும். சினைக்காலம் ஏறத்தாழ 15 மாதம். குட்டி இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் பால் குடிக்கும். பெண்கள் 40 வயதை ஒட்டி ஈனுவதை நிறுத்தினாலும், அதன்பின் பல்லாண்டு கூட்டத்தோடு வாழ்கின்றன.

கூட்டத்தோடு உள்ள இந்தப் பிணைப்பே சில வேளை கூட்டம் முழுவதற்கும் ஆபத்தாகிறது. 1973 ஜனவரியில் தமிழ்நாட்டின் மணப்பாடு கடற்கரையில் 147 பைலட் திமிங்கலங்கள் கரை ஒதுங்கின. 2016 ஜனவரியில் அதே மணப்பாடு, ஆலந்தலைப் பகுதியில் எண்பதுக்கும் மேற்பட்டவை ஒதுங்கின. மீனவர்கள் படகில் கட்டி ஆழத்துக்கு இழுத்துச் சென்று விட்ட சில, மறுபடி கரைக்கே திரும்பின. இத்தகைய நிகழ்வுகளுக்கு ஒரே காரணம் என்று எதுவும் நிறுவப்படவில்லை. சரிவு குறைந்த மணற்கரையில் எதிரொலி தெளிவாகத் திரும்பாமல் திசை தவறலாம். நோயுற்ற ஒன்றைப் பிரியாமல் மற்றவை பின்தொடரலாம். நீர் தாங்காத இடத்தில் உடலின் எடையே நுரையீரலை அழுத்துகிறது. வெயிலில் உடல் சூடேறுகிறது.

எல்லாத் திமிங்கலங்களும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. கரை ஒதுங்கியதைக் கண்டவர்கள் உடனே வனத்துறைக்குத் தகவல் தர வேண்டும். அதுவரை ஈரத்துணி போர்த்தி நிழல் தரலாம். உச்சியிலுள்ள மூச்சுத்துளையில் தண்ணீரோ மணலோ புகக் கூடாது. வாலைப் பிடித்து இழுத்தால் மூட்டும் முதுகெலும்பும் காயப்படும்.