ஒரு புல்தரைக்கு எத்தனை சின்டெக்ஸ்?

இன்னைக்கு ஒரு கணக்குப் போடப் போறோம். பயப்படாதீங்க, பெருக்கல் மட்டும்தான்.

2025 மே மாதம், மதியம் ரெண்டு மணி. பாண்டிக்குள்ள ஒரு சின்ன பூங்கா, பெயர் வேண்டாம். புல்தரையில ஹோஸ் பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கு. அங்க வேலை பார்க்கிறவர்கிட்ட, "இது எந்தத் தண்ணிண்ணே?"ன்னு கேட்டேன். "போர் தண்ணிதான் தம்பி. முன்ன மாதிரி இல்ல, லேசா கரிக்குது. புல்லுதானே, குடிச்சுக்கும்" அப்படின்னார்.

எங்க வீடு முத்தியால்பேட்டையில. எங்க பழைய போர்லயும் தண்ணி கரிக்க ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆச்சு. அம்மா காபிக்குக் கேன் தண்ணிக்கு மாறிட்டாங்க. பூங்காவும் நாங்களும் ஒரே பானையில மொண்டுக்கிட்டிருக்கோம்னு அன்னைக்குத்தான் உறைச்சது.

இத்தனைக்கும் அதுக்கு ஆறு மாசம் முன்னாடிதான் ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30-ல இருந்து மறுநாள் காலை வரைக்கும், 24 மணி நேரத்துல சுமார் 48 சென்டிமீட்டர் மழை. நமக்கு வருஷம் முழுக்கக் கிடைக்கிறதே சராசரியா 130 சென்டிமீட்டர் பக்கம்தான். மூணுல ஒரு பங்குக்கு மேல ஒரே நாள்ல கொட்டி, தெருவுல முழங்கால் அளவு நின்னு, வாய்க்கால் வழியா கடலுக்குப் போயிடுச்சு. மே மாதம் கரிக்கிற தண்ணிய உறிஞ்சிக்கிட்டு நிக்கிறோம்.

"அப்ப மழைத்தண்ணிய பிடிச்சு பூங்காவுக்கு ஊத்தலாமே?" இதுதான் எல்லாருக்கும் முதல்ல தோணும். எனக்கும் தோணுச்சு. அன்னைக்கு ராத்திரியே ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்து உட்கார்ந்துட்டேன்.

ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தா ஒரு லிட்டர். இது மட்டும் தெரிஞ்சா போதும். நூறு சதுர மீட்டர் மொட்டை மாடி, வருஷத்துக்கு 1,300 மில்லிமீட்டர். ஆவியாகிறது, சிதறுறது, முதல் மழையில அழுக்கோட வெளியே விடறது எல்லாம் கழிச்சு 80 சதவீதம் கையில வருதுன்னு வைங்க. ஒரு லட்சத்து நாலாயிரம் லிட்டர். இப்ப செலவு. அதே நூறு சதுர மீட்டர் புல்தரை கோடையில ஒரு நாளைக்கு சதுர மீட்டருக்கு அஞ்சு லிட்டர் குடிக்கும். பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை 150 நாள். 75,000 லிட்டர். வரவு அதிகம், செலவு கம்மி. ஜெயிச்சுட்டோம்!

ஜெயிக்கல. இங்க மழையில பெரும்பங்கு அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள வந்து முடிஞ்சிடும். புல்லுக்குத் தாகம் எடுக்கிறது அதுக்கப்புறம். அதுவரைக்கும் 75,000 லிட்டரை எங்க வைப்பீங்க? ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் 75. பத்துக்குப் பத்து மீட்டர் புல்லுக்கு! ஒரு ஏக்கர் புல்தரைன்னா மூவாயிரம் டேங்க். பூங்காவுல டேங்க்தான் இருக்கும், நாம நிக்க இடம் இருக்காது. நடுவுல ரெண்டு கோடை மழை வந்தாலும் இந்தக் கணக்கு பெருசா மாறாது.

ஆக நம்ம பிரச்சினை பிடிக்கிறது இல்ல, வைக்கிறது.

இது நம்ம ஊர்ல புதுசும் இல்ல. பாரதி பூங்காவுக்கு நடுவுல வெள்ளையா நிக்குமே, ஆயி மண்டபம். ஆயிரம் பேர் அது முன்னாடி செல்ஃபி எடுத்திருப்போம். மூன்றாம் நெப்போலியன் காலத்துல கட்டினது. ஆனா பெயர் ராஜாவோடதும் இல்ல, கவர்னரோடதும் இல்ல. கிருஷ்ணதேவராயர் ஒரு தாசியோட மாளிகையைக் கோயில்னு நினைச்சுக் கும்பிட்டுட்டாராம். உண்மை தெரிஞ்சதும் கோபத்துல இடிக்கச் சொன்னாராம். ஆயி தானே இடிச்சு, அந்த இடத்துல ஊருக்குக் குளம் வெட்டிக் கொடுத்தாங்களாம். இது வழிவழியா சொல்ற கதை. அந்தக் குளம் இருந்ததா சொல்ற முத்திரைப்பாளையம் ஊருக்கு மேற்கே இருக்கு. 1860-கள்ல லாமைரெஸ்ஸேன்னு ஒரு பிரெஞ்சு இன்ஜினியர் அங்கிருந்துதான் வாய்க்கால் வெட்டி இந்தப் பூங்கா வரைக்கும் நல்ல தண்ணி கொண்டு வந்தார். (இந்த மனுஷன் தென்னிந்தியப் பாடல்களையும் பிரெஞ்சுல மொழிபெயர்த்தவர். இன்ஜினியருக்கு சைடு ப்ராஜெக்ட் அப்பவே இருந்திருக்கு.) அதாவது அந்தப் பூங்கா தண்ணி சேமிச்ச இடமே இல்ல. உள்ள தள்ளி, மேட்டுல சேர்ந்த தண்ணி, கடலோரம் வரைக்கும் வந்து நின்ன இடம்.

இன்னைக்கு மூவாயிரம் சின்டெக்ஸுக்குப் பதிலா நம்மகிட்ட இருக்கிற டேங்க், காலுக்குக் கீழ இருக்கிற மணல்தான். கடலோரத்துல அதுக்கு இன்னொரு வேலையும் இருக்கு. நல்ல தண்ணி உப்புத்தண்ணியைவிட லேசு, அதனால அது மேல மிதக்குது. கடல் மட்டத்துக்கு மேல ஒரு மீட்டர் நல்ல தண்ணி நின்னா, கீழ சுமார் 40 மீட்டர் வரைக்கும் உப்பை அமுக்கி வைக்கும். கைபென்–ஹெர்ஸ்பெர்க் விதின்னு சொல்வாங்க. இதைத் திருப்பிப் பாருங்க. உறிஞ்சி உறிஞ்சி மேல அரை மீட்டர் இறங்கினா, கோட்பாட்டுப்படி கீழ உப்பு 20 மீட்டர் ஏறும். அம்மாவோட காபிக்கு என்ன ஆச்சுன்னு இப்ப புரியுதா?

அதனால பூங்காவுல விழற மழையை பூங்காவுக்குள்ளயே இறங்க விடணும்னு நினைக்கிறேன். சென்னையில மாநகராட்சி 'ஸ்பாஞ்ச் பார்க்'னு பண்றது இதைத்தான். பூங்காவுக்குள்ள ஒரு பள்ளம், மழையில குளம், வடிஞ்சா மறுபடி பூங்கா. நம்ம ஊர்ல நடைபாதைக்கெல்லாம் சிமென்ட் போட்டு, பாத்தியை மேடாக்கி, தண்ணியை ரோட்டுக்கு அனுப்பறோம். பாத்தி பள்ளமாவும் பாதை மேடாவும் இருந்தாலே பாதி வேலை முடிஞ்சிடும். ஆனா ரோட்டுத் தண்ணியை அப்படியே குழாய் போட்டு நிலத்தடிக்கு இறக்கிடாதீங்க. அதுல ஆயிலும் சாக்கடையும் கலந்திருக்கும்.

அப்ப கோடைக்கு? புல்லைக் குறைக்கணும். இதைச் சொன்னா சண்டைக்கு வருவாங்க, தெரியும். ஆனா புங்கனும் பூவரசும் வேம்பும் வேர் பிடிச்சுட்டா தினமும் ஹோஸ் கேட்காது. அதுக்கு மேல நிழலும் தரும். மீதி இருக்கிற புல்லுக்கு, பெங்களூரு கப்பன் பார்க் மாதிரி சுத்திகரிச்ச கழிவுநீர். மழை வருஷத்துல மூணு மாசம். நம்ம குளியலறையும் கழிப்பறையும் வருஷம் முழுக்க.

இவ்வளவு பேசுறவன் வீட்டு நிலவரமும் சொல்லணும்ல. எங்க வீட்டுலயும் மழைநீர் சேகரிப்புக் குழி இருக்கு. வீடு கட்டும்போது பிளான் அப்ரூவலுக்காகப் போட்டது. ஃபெஞ்சல் அன்னைக்கு மொட்டை மாடியில விழுந்த முப்பத்தெட்டாயிரம் லிட்டரும் நேரா தெருவுக்குப் போச்சு. ஏன்னா அந்தக் குழி மூடிக்கு மேல நான் பைக் நிறுத்திக்கிட்டிருந்தேன், ஆறு வருஷமா. போன செப்டம்பர்ல திறந்து பார்த்தா ரெண்டடிக்கு வண்டல், ஒரு பழைய செருப்பு, ஒரு ஷட்டில்காக். அப்பாவும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அள்ளினோம். ஜல்லியைக் கழுவி மறுபடி போட்டோம். ஒரு பக்கெட் ஊத்தினா முன்னாடி அப்படியே நிக்கும். இப்ப நாலு நிமிஷத்துல இறங்குது.

பைக் இப்ப தெருவுல நிக்குது. உங்க வீட்டுல அந்த மூடி எங்க இருக்குன்னு தேடிப் பாருங்க. கிடைச்சா உள்ள என்ன இருந்ததுன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடுல வாசிக்கிறேன்.