அடிக்கிற கை அணைக்காது



'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று ஒரு பழமொழி உண்டு. கணவனிடம் அடிபட்டு அழுகிற பெண்ணிடம் இதைத்தான் சொல்கிறார்கள். அம்மா சொல்கிறாள். பக்கத்து வீட்டுப் பாட்டியும் சொல்கிறாள். இது உண்மைதானா? டில்லியில் வாழ்ந்த ஒரு தாயின் கதையைக் கேளுங்கள்.

அந்தத் தாயின் பெயர் சத்யராணி சட்டா. தன் மகளுக்குக் கல்யாணம் செய்து கொடுத்தார். கல்யாணத்துக்குப் பிறகும் புகுந்த வீட்டார் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஸ்கூட்டர் வேண்டும் என்றார்கள். 1979ஆம் ஆண்டில் அந்தப் பெண் புகுந்த வீட்டில் தீயில் கருகி இறந்தாள். அப்போது அவள் வயிற்றில் குழந்தை இருந்தது.

அந்த நாளில் இப்படிப்பட்ட சாவுகள் பல நடந்தன. 'ஸ்டவ் வெடித்தது' என்று எழுதி முடித்துவிடுவார்கள். 'இது குடும்ப விவகாரம்' என்று போலீசாரும் ஒதுங்குவார்கள். சத்யராணி ஒதுங்கவில்லை. கோர்ட்டு வாசலில் நின்றார். மற்ற பெண்களோடு சேர்ந்து தெருவில் இறங்கினார். ஷாஜஹான் ஆபா என்ற இன்னொரு தாயும் அவரோடு சேர்ந்தார். 'ஆபா' என்றால் அக்கா. அவரும் தன் மகளை இப்படியே பறிகொடுத்தவர். ஒருவர் இந்து. ஒருவர் முஸ்லிம். இருவருக்கும் துயரம் ஒன்றுதான்.

இப்படிப் பல பெண்கள் போராடினார்கள். அதனால் சட்டம் மாறியது. மனைவியைக் கொடுமை செய்வது தனிக் குற்றம் என்று 1983இல் சட்டம் வந்தது. வரதட்சணைச் சாவுக்கு 1986இல் தனிச் சட்டம் வந்தது. 1987இல் இந்த இரு தாய்மாரும் டில்லியில் 'சக்தி ஷாலினி' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அடிபட்டு வரும் பெண்களுக்கு அங்கே தங்க இடம் கிடைத்தது. ஆறுதலும் கிடைத்தது.

சத்யராணியின் வழக்கு என்ன ஆயிற்று? மகளின் கணவன் குற்றவாளி என்று கீழ்க் கோர்ட்டு 2000ஆம் ஆண்டில் சொன்னது. தற்கொலைக்குத் தூண்டிய குற்றம் அது. டில்லி உயர் நீதிமன்றம் 2013இல் அதை உறுதி செய்தது. மகள் இறந்து 34 ஆண்டுகள் ஆகிவிட்டன! அடுத்த ஆண்டு சத்யராணி காலமானார்.

தீர்ப்பு வந்தது. மகள் திரும்பி வந்தாளா? வரவில்லை. ஆகவே உயிர் போனபின் நீதி கேட்பதைவிட, உயிர் இருக்கும்போதே உதவி கேட்பது மேல்.

எப்போது உதவி கேட்க வேண்டும்? முதல் அடி விழும்போதே கேட்கலாம். சில அடையாளங்கள் மிகவும் ஆபத்தானவை. கழுத்தை நெரிக்கிறானா? கொன்றுவிடுவேன் என்கிறானா? கத்தியையோ மண்ணெண்ணெயையோ எடுக்கிறானா? கர்ப்பமாக இருக்கும்போதும் அடிக்கிறானா? யாரோடும் பேசவிடாமல் அடைத்து வைக்கிறானா? அடி நாளுக்கு நாள் கூடுகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

முன்கூட்டியே சில ஏற்பாடுகள் செய்துகொள்ளலாம்.

நம்பிக்கையான பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தியிடம் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். கூச்சல் கேட்டால் ஆட்களோடு வந்து கதவைத் தட்டச் சொல்லுங்கள்.

ரேஷன் கார்டு, ஆதார் அட்டை, பாங்குப் புத்தகம், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, கொஞ்சம் பணம். இவற்றை ஒரு பையில் போடுங்கள். நம்பிக்கையான வீட்டில் வையுங்கள்.

சண்டை முற்றினால் சமையலறையில் நிற்காதீர்கள். அங்கே அடுப்பு இருக்கிறது, அரிவாள்மணை இருக்கிறது. வெளிவாசல் பக்கம் வந்துவிடுங்கள். குழந்தைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். அவர்கள் நடுவில் வந்து தடுக்க வேண்டாம். பக்கத்து வீட்டுக்கு ஓடட்டும்.

வீட்டை விட்டுப் போக முடிவு செய்தால் அதை அவனிடம் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். பிரியும் நேரத்தில்தான் ஆபத்து அதிகம்.

இரண்டு எண்களை மனப்பாடம் செய்யுங்கள். போலீஸ் உடனே வர 112. பெண்கள் உதவிக்கு 181. டில்லியிலும் தமிழ்நாட்டிலும் இவை உண்டு. இதற்குக் காசு இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனால் 'கீழே விழுந்துவிட்டேன்' என்று சொல்லாதீர்கள். யார் அடித்தது, எதனால் அடித்தது என்று டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். அவர் எழுதும் சீட்டு நாளைக்குச் சாட்சியாகும்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் சட்டம் 2005இல் நிறைவேறியது. 2006 அக்டோபர் 26 முதல் நடப்பில் இருக்கிறது. அடிப்பது மட்டும் வன்முறை அல்ல. கேவலமாகத் திட்டுவதும் வன்முறைதான். வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் வதைப்பதும் வன்முறைதான். விருப்பம் இல்லாமல் உடலுறவுக்கு வற்புறுத்துவதும் வன்முறைதான். தாலி கட்டாமல் கணவன் மனைவிபோலச் சேர்ந்து வாழும் பெண்ணுக்கும் இந்தச் சட்டம் காவல்.

வீடு கணவன் பெயரில் இருக்கலாம். மாமனார் பெயரிலும் இருக்கலாம். ஆனாலும் சேர்ந்து வாழ்ந்த அந்த வீட்டில் இருக்க மனைவிக்கு உரிமை உண்டு. சட்டப்படி அல்லாமல் அவளை வெளியே தள்ள முடியாது. மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவரிடம் மனுக் கொடுக்கலாம். மாஜிஸ்திரேட்டிடம் நேராகவும் கொடுக்கலாம். 'இவளை அடிக்காதே' என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போடுவார். அதை மீறினால் ஓர் ஆண்டு வரை ஜெயில் உண்டு. வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று கவலை வேண்டாம். பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

இனி, பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மகள் அழுதுகொண்டு வந்தால், 'பொறுத்துப் போ, அதுதான் உன் வீடு' என்று திருப்பி அனுப்பாதீர்கள். 'உள்ளே வா, சாப்பிடு' என்று சொல்லுங்கள். ஊர் என்ன பேசும் என்று பார்க்காதீர்கள். ஊர் நாலு நாள் பேசும். பிறகு மறந்துவிடும். போன உயிர் வராது.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. குடி அடிக்க வைத்தது என்கிறார்கள். குடித்தவன் கடைக்காரனை அடிக்கிறானா? வேலை தரும் முதலாளியை அடிக்கிறானா? இல்லையே! திருப்பி அடிக்கமாட்டாள் என்று தெரிந்துதான் மனைவியை அடிக்கிறான். இது வீரம் அல்ல.

அக்கம்பக்கத்தாருக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. சுவருக்கு அந்தப் பக்கம் அலறல் கேட்டால் ரேடியோவைச் சத்தமாக வைக்காதீர்கள். இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டுங்கள். 112க்குப் பேசுங்கள்.

அடிக்கிற கை அணைக்காது. அணைக்கிற கை அடிக்காது. இன்று இந்தப் பாடத்தைப் படித்தவர்கள், படிக்கத் தெரியாத ஒரு பெண்ணுக்காவது இதைப் படித்துச் சொல்லுங்கள்.