நம்ம பிள்ளைங்க பயமில்லாம பஸ் ஏறணும்



"வன்முறையும் நாட்டு முன்னேற்றமும்" என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். பத்தாவது படித்த நான் நாட்டைப் பற்றி என்ன பேசுவது என்று தயங்கினேன். அப்புறம் நம்ம காரைக்காலில் நடந்ததே ஞாபகம் வந்தது.

2012 நவம்பர் 14, தீபாவளிக்கு மறுநாள். சென்னையில் இன்ஜினியராக வேலை பார்த்த காரைக்கால் பொண்ணு, லீவு முடிந்து ஊருக்குக் கிளம்பியபோது, கல்யாணத்துக்குச் சம்மதிக்கவில்லை என்று ஒருத்தன் முகத்தில் ஆசிட் ஊற்றினான். ரெண்டு கண்ணும் போச்சு. மூணு மாசம் ஆஸ்பத்திரியில் போராடி, 2013 பிப்ரவரி 12-ல் இறந்து போனாள். அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

அதோட முடிஞ்சுதா? இல்லை. அந்த வருஷம் என் நாத்தனார் பிளஸ் டூ. நல்ல மார்க் வாங்கினாள். "காலேஜும் வேண்டாம், பஸ்ஸும் வேண்டாம்" என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். கைக்குழந்தையோடு இருந்த நானும், "அதுதான் நல்லது" என்று மாமியாரோடு சேர்ந்து சொன்னேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது. ஆசிட் ஊற்றியவன் ஒருத்தன். அந்தப் பயத்தில் படிப்பு நின்ற வீடு எத்தனையோ! டாக்டராக, டீச்சராக வரவேண்டிய பொண்ணுங்க அடுப்படியோடு நின்றால், அது வீட்டுக்கு மட்டுமா நஷ்டம்? நாட்டுக்கும்தான். நம்ம ஊரிலேயே என்.ஐ.டி. இருக்கு. எந்தெந்த மாநிலத்துப் பிள்ளைங்களோ வந்து படிக்கிறாங்க. நம்ம பொண்ணுங்க பயந்து வீட்டுக்குள்ளே இருக்கலாமா?

2013-ல் சட்டம் கடுமையானது. ஆசிட் வீசினால் குறைந்தது 10 வருஷம், ஆயுள் வரைக்கும் ஜெயில். 18 வயசுக்குக் கீழே உள்ளவங்களுக்கு ஆசிட் விற்கக் கூடாது, வாங்குகிறவரின் அடையாள அட்டையைப் பார்க்கணும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. தனியார் ஆஸ்பத்திரியாக இருந்தாலும் காசு கேட்காமல் வைத்தியம் பார்க்கணும்.

ஆனால் சட்டம் வருவதற்கு முன்னால் நம்ம காது வரணும். போன வருஷம், எட்டாவது படிக்கிற என் மகள் பின்னாலேயே ஒரு பையன் வந்திருக்கிறான். ரெண்டு வாரம் என்னிடம் சொல்லவில்லை. ஏண்டி என்று கேட்டால், "சொன்னா அத்தை மாதிரி என்னையும் நிறுத்திடுவீங்கன்னு பயந்தேம்மா" என்றாள். எனக்குப் பேச்சே வரவில்லை.

அன்றைக்கே குழுவில் சொன்னேன். ஆறு பேர் சேர்ந்து அந்தப் பையன் வீட்டுக்குப் போனோம். அவன் அம்மாவிடம், "இன்னொரு தடவை நடந்தா நேரா போலீஸ் ஸ்டேஷன்தான்" என்று சொல்லிவிட்டு வந்தோம். அதோட நின்றது. என் மகள் ஒரு நாள்கூட பள்ளிக்கூடத்துக்கு லீவு போடவில்லை.

அதனால் கேட்டுக்கொள்கிறேன். பொண்ணு வந்து சொன்னால் அவளைத் திட்டாதீங்க, படிப்பை நிறுத்தாதீங்க. மாசக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் பேசி முடித்ததும் இதையும் பேசுங்க. அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181. இந்த ரெண்டு நம்பரையும் பிள்ளைங்களுக்கு மனப்பாடம் பண்ணி வையுங்க. முக்கியமாக, நம்ம பையன்களுக்கு, ஒரு பொண்ணு "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான் என்று சோறு போடும்போதே சொல்லிக் கொடுங்க.