கடவுள் யாரைக் காப்பாற்றினார்?

(ஏற்காட்டில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று காலை சேலத்தில் பஸ் ஏறி இந்த மலைக்கு வந்து சேர்ந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே வந்தேன். பஸ் புறப்படுமுன் டிரைவர் தோழர் இரண்டு காரியங்கள் செய்தார். கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருந்த சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு கீழே இறங்கிச் சக்கரங்களைத் தட்டிப் பார்த்தார். ஏறி உட்கார்ந்து பிரேக்கை இரண்டு மூன்று தரம் மிதித்துப் பார்த்தார். அவரைப் பரிகாசம் செய்வதற்காக நான் இதைச் சொல்லவில்லை. முதல் காரியத்தை அவர் செய்யாமல் விட்டிருந்தால் நான் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். இரண்டாவதைச் செய்யாமல் விட்டிருந்தால் இறங்கி நடந்தே வந்திருப்பேன். என் பக்கத்தில் நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவரும் என்னோடுகூட இறங்கியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. (சிரிப்பு)

நான் பேச எழுந்திருக்குமுன் ஒரு தோழர் கேள்விச் சீட்டு ஒன்று அனுப்பியிருக்கிறார். “கடவுள் இல்லை என்றால், 2024-ஆம் வருஷம் மலைப் பாதையில் பஸ் கவிழ்ந்தபோது பிழைத்தவர்களைக் காப்பாற்றியது யார்?” என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. கேட்டவரை யாரும் முறைத்துப் பார்க்க வேண்டாம். நான் பேச நினைத்து வந்ததை விட்டுவிட்டு இதைப்பற்றியே பேசுகிறேன்.

அந்தச் சம்பவம் உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 2024 ஏப்ரல் 30-ஆம் தேதி இங்கிருந்து சேலத்துக்கு இறங்கிய தனியார் பஸ் ஒன்று வளைவில் நிலை தவறிக் கீழே உருண்டது. ஐந்து பேருக்குக் குறையாமல் செத்தார்கள். பல பேருக்குக் காயம். கோடை காலமானதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. இவ்வளவு பேர் போன வண்டியில் பெரும்பாலோர் உயிரோடு வந்தார்கள் என்பது வாஸ்தவந்தான். அவர்களைக் காப்பாற்றியது யார்? விழுந்த வண்டியிலிருந்து அவர்களை இழுத்து வெளியே போட்டவர்கள், காயம் பட்டவர்களை வண்டியில் ஏற்றிச் சேலத்துக்குக் கொண்டுபோனவர்கள், அங்கே ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுத் தையல் போட்டவர்கள். இன்னும், எந்த ஆசனத்தில் உட்கார்ந்திருந்தார்கள், எந்தக் கம்பியைப் பிடித்திருந்தார்கள், வண்டி எந்தப் பக்கமாய்ப் புரண்டது என்பது. இவ்வளவும் போதாது, கடவுளும் வேண்டும் என்று தோழர் சொல்வாரேயானால், நானும் ஒரு சீட்டு எழுதி அவருக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அந்தச் செத்தவர்களைச் சாகக் கொடுத்தது யார்?

இந்தக் கேள்வி இன்று புதிதாய்க் கிளம்பியதல்ல. இரண்டாயிரத்து நானூறு வருஷங்களுக்கு முன் கிரேக்க தேசத்தில் தியாகோரஸ் என்று ஒரு நாஸ்திகர் இருந்தார். அவரை ஒரு சிநேகிதர் கோவிலுக்கு அழைத்துக்கொண்டுபோய், கப்பல் உடைந்தும் பிரார்த்தனையால் கரையேறியவர்கள் காணிக்கையாக மாட்டிய படங்களைக் காட்டி, இப்போதாவது நம்புகிறாயா என்று கேட்டாராம். இவர், பிரார்த்தனை செய்தும் மூழ்கிப்போனவர்களுடைய படங்களை எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டாராம். நம் ஊர்க் கோவில் உண்டியலில் வெள்ளிக் கண்ணும் வெள்ளிக் காலும் விழுகின்றன. கண் தெரிந்தவன் கொண்டுவந்து போடுகிறான். தெரியாமலே போனவன் எதைக் கொண்டுவந்து போடுவான்? பிழைத்தவனுக்குத்தான் வாய் இருக்கிறது, தோழர்களே! ஆகவே கடவுளைப்பற்றி வருகிற சாட்சியமெல்லாம் ஒரு கட்சிச் சாட்சியமாகவே இருக்கிறது. எந்தக் கோர்ட்டிலாவது இதை ஒப்புக்கொள்வார்களா?

பெரிய அளவில் பார்ப்போம். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. சுமத்திராவுக்குப் பக்கத்தில் கடலுக்கு அடியில் பூமி பிளந்தது. அப்போது நம் நாட்டில் மணி காலை ஆறரை. நாகப்பட்டினம் கரையில் அலை ஏறியபோது மணி ஏறத்தாழ ஒன்பது. தமிழ்நாட்டில் மாத்திரம் சுமார் 8,000 பேர் செத்தார்கள். அதில் நாகை ஜில்லாவில் மாத்திரம் சுமார் 6,000. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆனபடியால் வேளாங்கண்ணிக்கு வெகுதூரத்திலிருந்தெல்லாம் யாத்திரிகர்கள் வந்திருந்தார்கள். மாதா கோவிலுக்குள் பூசையில் இருந்தவர்கள் தப்பினார்கள். கடற்கரையிலும் கடைத்தெருவிலும் இருந்தவர்கள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். உடனே, மாதா தன் கோவிலுக்குள் தண்ணீரை விடவில்லை என்றார்கள்.

திருச்செந்தூர்க்காரர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? முருகன் கடலைப் பின்னுக்குப் போகச் சொன்னார் என்றார்கள். அதே அலை சுமத்திராவில் ஆச்சே பட்டணத்தையே துடைத்துக்கொண்டு போனது. அங்கே பெரிய பள்ளிவாசல் இடியாமல் நின்றது. அல்லா தன் வீட்டைக் காத்துக்கொண்டார் என்று அவர்கள் சொன்னார்கள். ஒரே நாள், ஒரே அலை, மூன்று மதம், மூன்று அற்புதம்! ஒவ்வொரு கடவுளும் தன் கட்டடத்தை மாத்திரம் பார்த்துக்கொண்டார் போலிருக்கிறது. வீடு தீப்பிடித்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிள்ளையை விட்டுவிட்டு ஓடுகிற தகப்பனை நாம் என்னவென்று சொல்லுவோம்?

நான் சொல்லுகிறேன்: வேளாங்கண்ணிக் கோவில் கடற்கரை மணலைவிட மேடான இடத்தில் இருக்கிறது. ஆச்சே பள்ளிவாசல் கனமான சுவரும் தூணும் வைத்துக் கட்டியது. அதைச் சுற்றி இருந்தவை பெரும்பாலும் லேசான வீடுகள். திருச்செந்தூர்ப் பக்கத்துக்கு இலங்கைத் தீவு ஓரளவு மறைவாய் நின்றது. அந்த மறைவு கிடைக்காத கன்யாகுமரி ஜில்லாவில் குளச்சல் பக்கத்து மீனவர்கள் கும்பலாய்ச் செத்தார்களே, அவர்களும் அதே மாதாவைக் கும்பிடுகிறவர்கள்தானே! வேளாங்கண்ணிக்கு வருஷந்தவறாமல் போய் வருகிற ஜனங்கள்தானே!

ஆனால் அன்றைக்கு மனிதர்கள் காப்பாற்றப்பட்ட இடங்களும் உண்டு. அதே சுமத்திராவுக்குப் பக்கத்தில் சிமலூ என்று ஒரு தீவு இருக்கிறது. பூமி பிளந்த இடத்துக்கு வெகு சமீபம். அங்கே 78,000 பேர். செத்தவர்கள் 7 பேர். காரணம் என்னவென்றால், 1907-ஆம் வருஷம் அங்கே ஒரு பெரிய அலை வந்து ஏராளமானோரைக் கொண்டுபோயிற்று. அதிலிருந்து, பூமி ஆடிக் கடல் உள்ளே வாங்கினால் ஒன்றையும் எடுக்காமல் மேட்டுக்கு ஓடு என்று பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குத் தாலாட்டிலும் கதையிலும் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஓடினார்கள், பிழைத்தார்கள். நம் பக்கத்திலும் ஒன்று நடந்தது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் நல்லவாடு என்ற மீனவ கிராமம். அவ்வூர்ப் பிள்ளை ஒருவர் சிங்கப்பூரில் வேலையாயிருந்தார். செய்தியைப் பார்த்ததும் ஊருக்குப் போன் போட்டார். மீன் நிலவரமும் காற்று நிலவரமும் சொல்லுவதற்காக வைத்திருந்த ஒலிபெருக்கியில் எல்லோரும் ஓடுங்கள் என்று கத்தினார்கள். மூவாயிரத்துச் சொச்சம் பேர் உயிர் தப்பினார்கள். இதை யாரும் அற்புதம் என்று சொல்லவில்லை. அந்த ஒலிபெருக்கிக்கு யாரும் தேர் இழுக்கவில்லை.

ஆறரை மணிக்குப் பூமி பிளந்தது, ஒன்பது மணிக்கு அலை வந்தது. இரண்டரை மணி நேரம்! சர்வமும் அறிந்தவர் என்று சொல்லப்படுகிறவருக்கு ஒரு போன் போட அவகாசம் போதாதா? நமக்கு அந்தப் புத்தி 2007-இல்தான் வந்தது. ஹைதராபாத்தில் ஒரு எச்சரிக்கை நிலையம் அந்த வருஷந்தான் ஏற்பட்டது. மனிதன் தாமதம் செய்தான் என்றால் அவனுக்குத் தெரியாது, பணம் ஒதுக்கவில்லை என்று சொல்லலாம். கடவுளுக்கு என்ன சமாதானம் சொல்லுவது?

இனி இந்த மலைக்கே வருவோம். நாளைக்கு நான் சேர்வராயன் கோவிலைப் பார்க்கப் போகிறேன். கும்பிட அல்ல, உச்சியிலிருந்து சேலம் சமவெளியைப் பார்க்க. 5,300 அடிக்கு மேல் உயரம். குகைக்குள் குனிந்து போகவேண்டும். அங்கே சேர்வராயனோடு காவேரியம்மனும் இருப்பதாகவும், அந்தக் குகைவழி காவேரி வரைக்கும் போவதாகவும் சொல்லுகிறார்கள். மே மாதத்தில் மலைவாழ் மக்கள் கூடித் திருவிழா நடத்துகிறார்கள். நல்லது. கூடட்டும், ஆடட்டும், கொட்டட்டும். நான் கேட்பது இதுதான். 1876-ஆம் வருஷம் மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1871 ஜனக்கணக்கில் அன்றைய சேலம் ஜில்லாவில் 19 லட்சத்து 66 ஆயிரம் பேர். 1881 கணக்கில் 16 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. பத்து வருஷத்தில் பெருகியிருக்க வேண்டிய ஜனம் மூன்றரை லட்சத்துக்குமேல் குறைந்துபோயிற்று. சிலர் ஊரை விட்டு ஓடியிருக்கலாம். சில குழந்தைகள் பிறக்காமலே போயிருக்கலாம். மற்றவர்கள் பசியிலும் பேதியிலும் செத்தார்கள். காவேரிக்குத் தாயான அம்மன் இந்த உச்சியில் உட்கார்ந்து இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்தாள்!

அம்மன்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றால், ராஜாங்கமும் பார்த்துக்கொண்டிருந்தது. மலையடிவாரத்தில் அப்போதே ரயில் ஓடிற்று. தானியம் வந்து இறங்கிற்று, வாங்கக் காசில்லை. 1877 ஜனவரி முதல் தேதி டில்லியில் லிட்டன் பிரபு தர்பார் நடத்தி விருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். பஞ்ச வேலை செய்கிறவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்று பிறகு டெம்பிள் துரை கணக்குப் போட்டார். லிட்டனையும் டெம்பிளையும் சரித்திரக்காரர்கள் இன்றைக்கும் கூண்டில் ஏற்றிக் கேட்கிறார்கள். கடவுளை மாத்திரம் ஒருவரும் கேட்பதில்லை. அவருக்கு அப்பீலுக்கு அவசியமே இல்லை, விசாரணையே கிடையாது. இன்று சேலத்துக்குக் காவேரித் தண்ணீர் குழாயில் வருகிறது. குகை வழியாய் அல்ல, 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணையிலிருந்து.

இதற்கு ஆஸ்திகர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். பூர்வஜன்ம கர்மம் என்பார்கள். நாகைக் கரையில் மணல் வீடு கட்டிக்கொண்டிருந்த குழந்தை எந்த ஜன்மத்தில் எதைச் செய்தது என்று அதற்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. குற்றம் இன்னதென்று சொல்லாமல் தண்டிக்கிற நீதிபதியை நீங்கள் ஒரு நாள் வைத்துக்கொள்வீர்களா? வேறு சிலர், அவருடைய திருவுள்ளம் நமக்கு விளங்காது என்பார்கள். பிழைத்தபோது மாத்திரம் எப்படி விளங்கிற்று?

“போகட்டுமையா, பிழைத்தவன் சந்தோஷத்தில் சாமி காப்பாற்றியது என்று சொல்லிவிட்டுப் போகிறான், அதில் உனக்கென்ன நஷ்டம்?” என்று சில நல்லவர்கள் கேட்கிறார்கள். இதற்கு மாத்திரம் என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்லுகிறேன்.

என் பெரியம்மாளுக்கு இரண்டு குழந்தைகள். மூத்தவன் ஆண்; இளையது பெண். ஊருக்கு அம்மை குத்துகிறவர் வந்த அன்று மூத்தவன் தெருவில் விளையாடிக்கொண்டிருந்ததால் அகப்பட்டுக்கொண்டான், குத்திவிட்டார்கள். பெண்ணைப் பெரியம்மாள் குதிருக்குள் ஒளித்து வைத்துவிட்டாள். குத்திக்கொண்டால் மாரியாத்தாளுக்குக் கோபம் வரும் என்று ஊரார் சொன்னதை நம்பித்தான். இரண்டு வருஷம் கழித்துப் பெரியம்மை வந்தது. பெண் போய்விட்டது. பையன் மேல் ஒரு முத்துக்கூடப் போடவில்லை. ஊரார் என்ன சொன்னார்கள்? “ஆத்தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒன்றை உனக்கு விட்டாள்” என்றார்கள். பையனுக்காக நன்றி சொல்ல வேண்டும் என்று வருஷா வருஷம் அவளைத் தீச்சட்டி எடுக்க வைத்தார்கள். பெண்ணை ஏன் எடுத்தாள் என்று கேட்டால், கூழ் ஊற்றியதில் ஏதோ சுத்தக்குறைவு என்றார்கள். நாற்பது வருஷம், தோழர்களே! எந்த வருஷத்துக் கூழில் என்ன தப்புச் செய்தேன் என்று யோசித்துக்கொண்டே கிழவியாகிச் செத்தாள். இந்தியாவில் 1975-ஆம் வருஷத்தோடு பெரியம்மை நின்றுபோயிற்று. அதை ஒழித்தது அந்த ஊசிதான் என்று நான் அவளிடம் ஒரு தரம் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது என்று பிறகு நினைத்தேன். அதுவரையில் கூழைப்பற்றி அழுதவள், அன்றிலிருந்து குதிரைப்பற்றி அழுதாள். இருந்தாலும் அவளைக் குதிரண்டை அனுப்பியவர்கள் மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்றைக்கும் ஆறவில்லை.

பிழைத்தவன் வீட்டில் சொல்லுகிற அந்தச் சந்தோஷ வார்த்தை, நாலு வீடு தள்ளி இழவு விழுந்த வீட்டில் போய் எப்படிக் கேட்கும் என்பதைத்தான் சீட்டு எழுதிய தோழரைக் கேட்கிறேன். உன்னைக் காப்பாற்றினார் என்றால் என் மகனைக் காப்பாற்ற வேண்டாம் என்று இருந்துவிட்டாரா என்று அந்தத் தாய் கேட்கமாட்டாளா? அதோடு, பஸ் கவிழ்ந்ததும் கவிழாததும் சாமியின் சித்தம் என்று வைத்துவிட்டால், வேகம் எவ்வளவு, பிரேக் எப்படி, டிரைவருக்குத் தூக்கம் கொடுத்தார்களா, ஆசனத்துக்கு மேல் எத்தனை பேரை ஏற்றினார்கள், வளைவில் தடுப்புச் சுவர் எவ்வளவு உறுதி என்று கேட்க யாருக்கு வேலை? முதலாளிக்கும் சர்க்காருக்கும் இதைவிடச் சௌகரியமான சித்தாந்தம் கிடைக்குமா? நான் வந்த வழியில் சுவரையெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தேன். நீங்களும் நாளைக்கு இறங்கும்போது பாருங்கள். எங்கே பெயர்ந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுக் கலெக்டருக்கு அனுப்புங்கள்.

சீட்டு எழுதியவர் எழுந்து நிற்கிறார். தமக்கு இன்னும் ஒரு கேள்வி இருக்கிறதாம். தாராளமாய்க் கேட்கட்டும். நான் இரவு இங்கேதான் தங்குகிறேன். ஆனால் கீழே போகவேண்டிய தோழர்களுக்குக் கடைசி பஸ் நேரம் நெருங்கிவிட்டதாகத் தலைவர் சொல்லுகிறார். அவர்கள் முதலில் புறப்படட்டும். காலையில் என்னை ஏற்றிவந்த டிரைவர் தோழர்தான் வண்டியை எடுக்கிறாராம்.