தக்காளிச் செடியில் கிள்ள வேண்டியது எது?

மாடியில் தொட்டி வைத்துத் தக்காளி வளர்க்கிறீர்களா? இன்று செடியருகே சற்றுக் குனிந்து பாருங்கள். தண்டிலிருந்து இலைக்காம்பு பிரியும் கவட்டில் ஒரு குருத்து தெரியும். அதுதான் பக்கக் கிளை. கொடிபோல உயர்ந்துகொண்டே போகும் ரகமென்றால், அது விரல் நீளம் வருமுன்னே கிள்ளிவிட்டு, தண்டைக் கழியோடு தளர்வாகக் கட்டுங்கள். குட்டையாகப் புதர்போல் வளரும் ரகத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம். அதற்குக் காய்ப்பே அந்தக் கிளைகளில்தான்.

பலரும் கவனிக்காதது அடி இலை. தண்ணீர் ஊற்றும்போது மண் தெறித்து, அதிலுள்ள பூஞ்சை இலையில் ஒட்டிக்கொள்கிறது. இலைக்கருகல் பெரும்பாலும் அங்கிருந்துதான் மேலேறும். மண்ணைத் தொடும் இலைகளைத் தயங்காமல் எடுத்துவிடுங்கள். பனி உலர்ந்தபின், வெயில் ஏறுமுன் செய்வது நல்லது. புகையிலை தொட்ட கையைக் கழுவாமல் செடியைத் தொடவே கூடாது. தேமல் நோய்க் கிருமி தொற்றிவிடலாம்.

சித்திரை வெயிலில் காய்க்கு நிழல் தரும் இலைகளை விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் காயின் தோல் வெந்து வெளுத்துப்போகும். கிள்ளிய கிளை கொஞ்சம் நீண்டிருந்தால் எறியாதீர்கள்! ஈர மண்ணில் ஊன்றி நிழலில் வையுங்கள், ஓரிரு வாரத்தில் வேர்விட்டுவிடும்.