ஆலையில் உருவான அமெரிக்கர்

1881 முதல் 1920 வரையிலான நாற்பது ஆண்டுகளில் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் அமெரிக்க ஐக்கிய நாட்டில் குடியேறினர். இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்த உழவர்கள் பலர், நிலத்தை விட்டு பிட்ஸ்பர்கின் உருக்காலைகளிலும் சிகாகோவின் இறைச்சிக் கூடங்களிலும் கூலிகளாயினர். இயந்திரங்கள் வேலையைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்துவிட்டதால், பழக்கமும் மொழியும் இல்லாதவர்களைக் குறைந்த கூலிக்கு அமர்த்துவது முதலாளிகளுக்கு எளிதாயிற்று.

மொழியால் பிரிந்த இவர்களை ஒன்றுதிரட்ட இயலாது என்று கைவினைத் தொழிற்சங்கங்கள், அதாவது ஒரே தொழிலில் தேர்ந்தவர்களை மட்டும் சேர்த்துக்கொண்ட அமைப்புகள், கருதிவந்தன. மாசசூசெட்ஸ் மாநிலத்து லாரன்ஸ் நகர நெசவாலைகள் 1912 சனவரியில் அக்கருத்தைப் பொய்யாக்கின. பெண்கள், சிறார்களின் வார வேலைநேரத்தை 56 மணியிலிருந்து 54 ஆகச் சட்டம் குறைத்தபோது, முதலாளிகள் அதற்கேற்பக் கூலியையும் வெட்டினர். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையைப் புறக்கணித்தனர். ஒவ்வொரு இனத்தாரும் தத்தம் பிரதிநிதிகளைப் போராட்டக் குழுவுக்கு அனுப்ப, பேச்சுகள் பல மொழிகளில் பெயர்க்கப்பட, அமெரிக்கக் கொடியை ஏந்தி ஊர்வலம் சென்ற அவர்கள் மார்ச் மாதத்தில் கூலி உயர்வைப் பெற்றனர்.

அதே கொடியை மோட்டார் வாகன முதலாளி ஹென்றி ஃபோர்டும் பயன்படுத்தினார், வேறு நோக்கத்தோடு. 1914இல் நாளொன்றுக்கு ஐந்து டாலர் என அறிவித்த அவருடைய நிறுவனம், அத்தொகை முழுவதையும் பெறத் தகுதியுள்ளவர் யாரெனத் தீர்மானிக்கத் தொழிலாளரின் வீடுகளுக்கே ஆய்வாளர்களை அனுப்பியது. குடிப்பழக்கமும் சேமிப்பும் வீட்டுத் தூய்மையும் கூலிக்கணக்கில் ஏறின. நிறுவனத்தின் ஆங்கிலப் பள்ளியில் தேறியவர்கள், பட்டமளிப்பு விழா மேடையில் தாய்நாட்டு உடையோடு ஒரு மாபெரும் கொப்பரைக்குள் இறங்கி, அமெரிக்க உடையணிந்து கொடியசைத்தபடி வெளியேறினர். நாடகத்தனமான இச்சடங்கைவிட, மொழிகளைக் கரைக்காமலேயே கூட்டு நலனைக் கண்ட லாரன்ஸ் ஊர்வலமே குடியுரிமையின் பொருளை நன்கு உணர்ந்திருந்தது எனலாம்.

இந்த இரு வழிகளையுமே நாட்டின் சட்டம் பொருட்படுத்தவில்லை. 1882இலேயே சீனத் தொழிலாளருக்குக் கதவடைத்த அந்நாடு, 1924இல் பல நாட்டினருக்கும் தனித்தனி ஆண்டு வரம்பு, அதாவது கோட்டா, விதித்தது. 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டதால், அதன்பின் பெருந்திரளாக வந்த இத்தாலியருக்கு நாலாயிரம் இடங்கள்கூடக் கிட்டவில்லை. ஆலைகளின் ஆள்தேவையோ ஓயவில்லை. வரம்புக்கு உட்படாத மெக்சிகோவிலிருந்தும், தென்மாநிலப் பருத்தி வயல்களை விட்டு வடக்கே வந்த கறுப்பின மக்களிடமிருந்தும் அவை உழைப்பைப் பெற்றுக்கொண்டன.